காணாமல் போன இன்னொரு தாள்

திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிக்கு, பட்டாபிராமில் சத்தியராஜ் வீட்டில் பாஸ்போர்ட்டைக் காணவில்லை.

ஒன்பது மணிக்கு விசா அலுவலகத்தில் இருக்க வேண்டும். மகள் ஜெனிஷா குளித்துத் தலைவாரித் தயாராக நின்றாள். அம்மா ஞானகுமாரி ஜெபத்தை முடித்துவிட்டு, எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று ஃபைலின் ஜிப்பைத் திறந்தாள். பாஸ்போர்ட் வைத்திருந்த முன்பக்கப் பை காலியாக இருந்தது.

எட்டு மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் ரேகா வந்தபோது, குற்றவாளி யார் என்பதை அந்த வீடு ஏற்கெனவே முடிவு செய்திருந்தது. மகன் ஜாபஸின் கன்னத்தில் அப்பாவின் விரல் தடம் சிவந்து கிடந்தது. ரேகாவுக்கு அப்போதே எரிச்சல் தொடங்கிவிட்டது.

"இவன்தான் மேடம்," என்றார் சத்தியராஜ். "லோடு ஆட்டோ வாங்கித் தரலைன்னு காண்டு. நேத்து ராத்திரி ஃபைல் இருந்த பீரோவைத் தொறந்ததும் இவன்தான்."

"வண்டி ஆர்.சி. எடுக்கத் தொறந்தேன். தங்கச்சி படிப்புல கை வைக்கிற ஆளா நானு? இன்னா பேசற நைனா நீ?"

"பீரோல வேற என்ன போச்சு?" என்று குறுக்கிட்டாள் ரேகா.

"ஒண்ணும் போகல. நகையெல்லாம் அப்படியே கீது," என்றார் சத்தியராஜ்.

"ஃபைல்ல?"

ஜெனிஷா ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்தாள். பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் சான்றிதழ்கள், நீட் மதிப்பெண், புகைப்படங்கள். சான்றிதழ் இருந்த கவரை மறுபடி விரித்தவள் நிமிர்ந்தாள். "அட்மிஷன் லெட்டரும் இல்ல மேடம். பன்னெண்டாவது சர்டிஃபிகேட்டோட ஒரே கவர்ல இருந்துச்சு."

"அது வெறும் பிரிண்டவுட்டும்மா," என்று கையை உதறினார் சத்தியராஜ். "நிர்மல் சார் இன்னொண்ணு எடுத்துக் குடுப்பாரு. மேடம், நீங்க பாஸ்போர்ட்டைப் பாருங்க."

நிர்மல், ஆவடியில் அலுவலகம் வைத்து, வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஏஜென்ட். ஞாயிறு மாலை அவரே வீட்டுக்கு வந்து, கூடத்தில் உட்கார்ந்து எல்லாத் தாளையும் சரிபார்த்து, ஜிப்பை மூடி ஞானகுமாரி கையில் கொடுத்தாராம். இனி யாரும் தொட வேண்டாம், வரிசை கலைந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

ஒன்பதரைக்கு அவரும் வந்து சேர்ந்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு சத்தியராஜின் தோளைத் தொட்டார்.

"உங்க வீட்டுலயே தொலைஞ்சா யூனிவர்சிட்டி என்னங்கய்யா பண்ணும்? கட்டின ஃபீஸும் திரும்பாது, அது ரூல். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"அட்மிஷன் லெட்டர் ஒரு காப்பி குடுங்க," என்றாள் ரேகா.

"அங்க லீவு மேடம். கேட்டு வாங்கணும்."

"மெயில்ல வந்ததுதானே? திறந்து காட்டுங்க."

"ஆபீஸ் சிஸ்டத்துலதான் வரும். அதுவும் ரெண்டு நாளா ரிப்பேரு."

ரேகா ஜெனிஷாவிடம் திரும்பினாள். "உன் போன்ல திற."

"பாஸ்வேர்ட் தெரியாது மேடம். என் பேர்ல ஐடி ஓப்பன் பண்ணதே சார்தான்."

"காலேஜுக்கு நீ நேரா ஒரு தடவையாவது எழுதினியா?"

"சார் எல்லாம் பாத்துப்பாருன்னு அப்பா சொன்னாரு."

ரேகாவுக்கு யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. ஒரு பெண்ணின் ஆறு வருஷப் படிப்பு. அதில் அந்தப் பெண் கையால் அனுப்பிய ஒரு வரிகூட இல்லை.

அன்று மதியம் ஸ்டேஷனில், ஜெனிஷா தன் பெயரில் புதிய மின்னஞ்சல் கணக்கு ஒன்று தொடங்கினாள். நிர்மலின் விளம்பர நோட்டீஸில் இருந்த கல்லூரி முகவரியை ரேகா ஒதுக்கச் சொன்னாள். பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்தில் தேடி எடுத்த முகவரிக்கு ஜெனிஷா எழுதினாள். செவ்வாய் மாலை பதில் வந்தது.

ஒரு மணி நேரத்தில், ஆவடி அலுவலகத்தில் நிர்மலின் மேஜைக்கு எதிரே ரேகா உட்கார்ந்திருந்தாள். பின்னால் சத்தியராஜும் பிள்ளைகள் இருவரும் நின்றார்கள்.

"எடுத்தது நீங்கதான் நிர்மல்."

"மேடம், நான் ஃபைலை அவங்க எதிர்லதான் மூடினேன்."

"மூடினதைப் பாத்தாங்க. உள்ள என்ன வெச்சீங்கன்னு யாரும் பாக்கல. சார் செக் பண்ணிட்டாருன்னு அப்புறம் யாரும் திறக்கவும் இல்ல." ரேகா முன்னால் சாய்ந்தாள். "தங்கச்சியைத் தடுக்கணும்னா ஜாபஸுக்குப் பாஸ்போர்ட் போதும். விக்கிற திருடனுக்கும் அது போதும். லெட்டர் இருந்தது வேற கவர்ல, சர்டிஃபிகேட்டுக்குப் பின்னாடி. தேடி, உருவி எடுக்கணும். அஞ்சு நிமிஷத்துல மறுபடி பிரிண்ட் போடற தாளை ஒருத்தன் ஏன் அப்படி எடுக்கணும்? விசா ஆபீசர் அதைப் படிச்சிடக் கூடாது. படிச்சா காலேஜைக் கேப்பார். நாங்க கேட்டுட்டோம். ஜெனிஷாங்கற பேர்ல விண்ணப்பமே வரலையாம், லெட்டரே போலி. பாஸ்போர்ட் போனா பழி வீட்டு மேல விழும், கட்டின ஃபீஸையும் யாரும் திருப்பிக் கேக்க முடியாது. அதானே?"

நிர்மல் மேஜைமேல் இருந்த ஸ்கூட்டர் சாவியைச் சட்டென்று எடுத்துப் பைக்குள் போட்டார். கான்ஸ்டபிள் இளங்கோ அதை வாங்கிக் கீழே போய், ஸ்கூட்டரின் சீட்டைத் தூக்கினார். மழைக்கோட்டுக்கு அடியில் இருந்த பாஸ்போர்ட்டோடு மேலே வந்தார். கிழித்துப் போட நிர்மலுக்குத் தைரியம் வரவில்லை போலும்.

ஜெனிஷா அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். "இந்த வருஷ அட்மிஷன் எல்லா இடத்துலயும் முடிஞ்சிருக்கும்ல மேடம்?"

ரேகா பொய் சொல்லவில்லை. "பெரும்பாலும்."

சத்தியராஜ் மகன் பக்கம் திரும்பினார். ஜாபஸ் முந்திக்கொண்டான். "ஒரு வார்த்த கேட்டுட்டு அப்பால அடிச்சிருக்கலாம் நைனா." சத்தியராஜால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நிர்மலை ஏற்றிய ஜீப் கிளம்பிய பிறகு, மற்றவர்கள் படியிறங்க வந்தபோது, ஒரு தாயும் மகளும் மாடிப்படி ஏறி வந்தார்கள். தாயின் கையில் இனிப்புப் பெட்டி.

"நிர்மல் சார் இல்லீங்களா? என் பொண்ணுக்கு அட்மிஷன் வந்துடுச்சு, அதான் பாத்துட்டுப் போலாம்னு..."

ரேகா அந்த இனிப்புப் பெட்டியைப் பார்த்தாள். இதை எப்படி ஆரம்பிப்பது?

அதற்குள் ஜெனிஷா இரண்டு படி இறங்கி, அந்தப் பெண்ணின் எதிரே நின்றாள்.

"உன் மெயில் பாஸ்வேர்ட் உனக்குத் தெரியுமா?"

அந்தப் பெண் அம்மாவைப் பார்த்தாள். ஜெனிஷா அங்கேயே படியில் உட்கார்ந்து, பக்கத்தில் இடம்விட்டு, போனைக் கையில் எடுத்தாள்.

"உக்காரு. இப்பவே எழுதலாம்."