வெட்டாமல் விட்ட வாழை

மற்ற வாழைகளின் பூவெல்லாம் வானத்தைப் பார்த்து நிற்க, கிணற்றடி வாழையின் பூ மட்டும் சமையலறை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. நேற்றுதான் தங்கமணி அதை மூங்கில் குச்சியோடு சேர்த்து நிமிர்த்திக் கட்டினாள். கயிறு கட்டினபடியே இருந்தது. பூதான் திரும்பியிருந்தது.

பழத்துக்காக அல்ல, அழகுக்காக வளர்க்கிற வாழைகள் அவை. இலையில் சிவப்புத் தெறிப்பு, ரோஜா நிறத்தில் பூ. கும்பகோணம் சாலையில் புதிது புதிதாக எழும்பிய ஓட்டல்கள் வாசலில் வைக்க வாங்கிப்போயின. "திங்க உதவாத வாழையை வளக்கிறாளாம்" என்று சிரித்த வலங்கைமான் ஊர்க்காரர்களின் வாய்களை அவள் கன்று விற்றே அடைத்தாள். கணவன் பிரபு, கல்யாணமான மாதமே ஷார்ஜாவுக்கு விமானம் ஏறியவன், இன்று சாயங்காலம் ஒரேயடியாகத் திரும்பி வருகிறான். இனிமேல் போகமாட்டேன் என்று போனில் சொன்னான். சொல்லிவிட்டு, "கிணத்தடி வாழை எப்படி இருக்கு?" என்றான். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. அது அவளை முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

அந்த வாழையே ஒரு தினுசுதான். அவள் வாழவந்தபோதே கிணற்றடியில் நின்றது. பிறகு அவள் நட்டதெல்லாம் பூத்துச் செத்து, கன்றும் கன்றின் கன்றுமாகிவிட்டன. இது மட்டும் பூக்கவுமில்லை, சாகவுமில்லை. அவன் வரப்போகிறான் என்று தெரிந்த பிறகே பூ விட்டது. மற்றவற்றின் கன்றுகள் தாயைச் சுற்றி முளைக்கும். இதன் கன்றுகள் வீட்டைப் பார்த்து வரிசை கட்டின. பிடுங்கப் பிடுங்க, துவைக்கிற கல்லைத் தாண்டிப் பின்வாசல் படிவரை வந்துவிட்டன.

வெயில் தாழ்ந்ததும் சருகு உரிக்கப் போனாள். காய்ந்த மட்டையை இழுத்தபோது, தண்டுக்குள் பாதி புதைந்து ஒரு தாலிக்கயிறு தெரிந்தது. அதில் கோத்த மஞ்சள் துண்டு இன்னும் ஈரமாக இருந்தது.

அவளுக்குத் தெரியாத சங்கதி இல்லை. பிரபுவுக்குத் தோஷம், முதல் தாரம் தங்காது என்று ஜோசியர் சொல்ல, கல்யாணத்தன்று காலையில் ஒரு வாழைக்குத் தாலி கட்ட வைத்தார்கள். கட்டிய கையோடு அதை வெட்டிச் சாய்க்க வேண்டும். மூத்தாள் போய்விட்டாள் என்று கணக்கு. அடுத்து வருகிறவளுக்குத் தோஷமில்லை.

"அத்தை, இதை வெட்டவே இல்லையா?"

மாமியார் நீலாம்பாள் அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். முகம் வெளுத்தது. "கல்யாண வேன் வந்து ஹாரன் அடிச்சிக்கிட்டே இருந்துச்சு. வந்து வெட்டிக்கலாம்னு போயிட்டோம். வந்து பாத்தா அவ்வளவு லட்சணமா நிக்குது. மனசு வரல."

"என் சக்களத்திக்கு என்னையவே எரு போட வச்சிருக்கீங்க!"

"இத்தனை வருசம் நின்னுட்டா. இப்ப தொடாதடி. என்ன ஆகுமோ."

"என்ன வேணாலும் ஆகட்டும். அவரு உள்ள வர்றப்ப இந்த வீட்டுல ஒரு பொண்டாட்டிதான் இருப்பா."

அரிவாளை எடுத்தபோது கரண்ட் போனது. கொல்லையில் இருட்டு இறங்கிக்கொண்டிருந்தது. காற்று அறவே இல்லை, தென்னங்கீற்றுகூட அசையவில்லை, ஆனால் கிணற்றடியில் இலைகள் மட்டும், பட்டுப்புடவை கட்டியவள் திரும்பி உட்காருவதுபோல் சரசரவென்று உரசிக்கொண்டன. வாழைக்கறையின் துவர்ப்பு நெடி தொண்டையில் ஒட்டியது. படி இறங்கினாள். கன்றுகள் கணுக்காலைத் தடவின. மிதித்து நடந்தாள். பயமாகத்தான் இருந்தது. நிற்கவில்லை.

"இது என் வீடு. அவரு என் புருசன். போடி."

ஒரே வெட்டு.

வாழை வீட்டுப் பக்கமாகச் சாய்ந்தது. ஜில்லென்ற நீர் அவள் முகத்தில் அடித்தது. வெட்டின வாழை சும்மா இருக்காது, நடுவிலிருந்து குருத்துத் தள்ளும் என்று அவளுக்குத் தெரியும். அரிவாளும் கையுமாகக் காத்திருந்தாள். தள்ளவில்லை. செத்தது சனியன் என்று வாய்விட்டுச் சிரித்தாள்.

வாசலில் கார் நின்றது. ஓடினாள். பிரபு பெட்டியை எடுக்காமலே இறங்கினான். சட்டைக் காலர் தொப்பலாக நனைந்திருந்தது.

"வழியில கழுத்துல என்னமோ சுளீர்னுச்சு, தங்கம்."

நீலாம்பாள் விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். கழுத்தில் ஒரு கோடு. நேரான வெட்டு. ரத்தம் இல்லை. தெளிந்த நீர் கசிந்து, சட்டையில் பட்டுப் பழுப்பாகிக்கொண்டிருந்தது.

விளக்கு விழுந்து உருண்டது. "விட்டுட்டு ஓடியாடி!" என்று கத்திக்கொண்டே நீலாம்பாள் தெருவுக்கு ஓடினாள்.

தங்கமணி ஓடவில்லை. அவன் கையைப் பிடித்தாள். இறுகப் பிடித்தாள். கை குளிர்ந்திருந்தது. அழுத்தினால் உள்ளே பொதபொதவென்று அமுங்கியது.

"தரமாட்டேன்," என்றாள். "யாருக்கும் தரமாட்டேன்."

பிரபு சிரித்தான். கழுத்து வெட்டின் நடுவிலிருந்து, சுருண்ட வெளிர்பச்சைக் குருத்து ஒன்று வெளியே வந்தது. அவன் காதை உரசிக்கொண்டு நிமிர்ந்தது. அவள் முகத்துக்கு நேராக, மெல்ல, விரியத் தொடங்கியது.