லிங்கன் காலடியில் இட்லிக் கடை

லேக் மார்க்கெட் பக்கத்தில், வங்காளிகளும் தமிழர்களும் கலந்து வாழும் தெரு எங்களுடையது. இந்த வருடம் எங்கள் துர்கா பூஜைப் பந்தல் லண்டன் மாதிரி. மூங்கிலும் துணியும் கட்டிப் பெரிய மணிக்கூண்டு எழுப்பினார்கள். பக்கத்தில் தெர்மோகோலில் ஆபிரகாம் லிங்கன்.

லிங்கனை நிறுத்திய இடம் கிருஷ்ணம்மாள் அக்காவின் இட்லிக் கடை இருந்த இடம். பூஜை நாட்களில்தான் அவருக்கு நல்ல வியாபாரம்.

"பத்து நாள் வேற எங்கயாவது போயிடுங்க" என்று அவரிடம் சொன்னது யார் தெரியுமா? என் அப்பா! பந்தல் கமிட்டியில் அவரைச் சேர்த்தது இதுதான் முதல்முறை. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

எனக்கு எரிச்சலாக வந்தது. நேராகப் போய்க் கேட்டேன்.

"அப்பா, லிங்கன் அமெரிக்கா ஜனாதிபதி. லண்டன்ல அவருக்கு என்ன வேலை? எல்லாரும் சிரிப்பாங்க. எடுத்துடுங்க."

அப்பா போனை நீட்டினார். "பாரு சஹானா. நிஜ லண்டன்லயும் அந்த மணிக்கூண்டுக்குப் பக்கத்துல லிங்கன் சிலை இருக்கு."

இருந்தது! என் முகத்தில் அசடு வழிந்தது. ஆனாலும் படத்தை விடாமல் பார்த்தேன். சிலைக்குக் கீழே இரண்டு பேர் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்கள்.

"அங்க அவர் காலடியில உக்காந்து சாப்பிடறாங்க. யாரும் விரட்டலையே? அடிமைகளை விடுதலை பண்ணினவருக்கு இடம் வேணும்னு அக்காவை விரட்டலாமா?"

அப்பா கமிட்டிக்குப் போனார். லிங்கன் காலடியிலேயே அக்கா கடை போடச் சம்மதம் வாங்கித் திரும்பினார். கூடவே ஒரு நிபந்தனை. அக்கா வெள்ளைக்காரச் சீமாட்டி மாதிரி ரோஸ் காகித ஜாலர் வைத்த தொப்பி போட்டுக்கொள்ள வேண்டும்.

"போட்டுக்கறேன் சார்" என்றார் அக்கா. வேறு என்ன சொல்வார்?

பூஜையின் ஏழாம் நாள், சப்தமி அன்று மாலை கூட்டம் நெரிந்தது. எல்லோரும் அக்காவைப் பார்த்துச் சிரித்தார்கள். கேட்காமலே செல்ஃபி எடுத்தார்கள். "மேம்சாஹிப், இட்லி!" என்று ஒருவன் கத்தினான். வியர்வையில் ரோஸ் சாயம் அவர் நெற்றியில் ஒழுகியது. இட்லி விற்றது. ஆனால் அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

என்னால்தானே இது? கூட்டத்தை இடித்துக்கொண்டு அவரிடம் போனேன்.

"தொப்பியைக் கழட்டுங்க அக்கா."

"வேணாம் பாப்பா. கடையைத் தூக்கச் சொல்லிடுவாங்க."

"தொப்பி பந்தல்ல இருக்கணும், அவ்வளவுதானே? குடுங்க!"

ஸ்டூலில் ஏறி அதை லிங்கன் தலையில் மாட்டினேன். ரிப்பனைத் தாடிக்குக் கீழே முடிச்சுப் போட்டேன். எல்லாப் போன்களும் லிங்கன் பக்கம் திரும்பின.

அப்பா பதறி ஓடிவந்தார். "சஹானா! எவ்வளவு பெரிய மனுஷர்! அவரை இப்படி அசிங்கப்படுத்தலாமா?"

"அவருக்குப் போட்டா அசிங்கம். அக்காவுக்குப் போட்டா மட்டும் அசிங்கம் இல்லையா அப்பா?"

அப்பா அக்காவின் நெற்றியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கசக்கிப் பைக்குள் திணித்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் கசப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

அப்பா வரிசையைக் கவனிக்காமல் கடைக்கு முன்னால் வந்து, "நாலு இட்லி குடுங்க" என்றார் மெதுவாக.

கிருஷ்ணம்மாள் அக்கா முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"வரிசையில வாங்க சார்."