அறிவிப்பு வண்டியின் மஞ்சள் வயர்

ஜீப் கல்லுவிளை முக்கில் திரும்பியதும் அதன் குரல் நின்றுவிட்டது.

மழை வருவதற்குள் கொடியிலிருந்து துணிகளை உருவிக்கொண்டிருந்த மினி தலையைத் தூக்கிப் பார்த்தாள். அம்பூரியில் இறந்துபோன ஒரு ரப்பர் தோட்டக்காரரின் பெயரை, முதலில் மலையாளத்திலும் பிறகு தமிழிலும், அவளுடைய செத்துப்போன கணவன் சஜனின் குரலில் சொல்லிக்கொண்டு வந்த வண்டி, அவள் வீட்டு வேலியை நெருங்கியதும் வாயை மூடிக்கொண்டது. மேலே கட்டியிருந்த இரண்டு கோளாம்பி ஒலிபெருக்கிகளும் வெறும் இரைச்சலை ஒழுகவிட்டபடி வாசலைக் கடந்தன. சர்ச் வளைவு தாண்டிய பிறகுதான் குரல் மறுபடி எழுந்தது.

இந்தப் பக்கத்தில் மரண அறிவிப்பு வண்டி எல்லா இடத்திலும் பேசும், இறந்தவரின் வீட்டு வாசலில் மட்டும் பேசாது. உள்ளே இருப்பவர்களுக்கு அந்தச் செய்தியை யாரும் சொல்ல வேண்டியதில்லை. சஜன் மைக் பிடித்த காலத்தில் துக்க வீடு நெருங்கியதும் உள்ளங்கையால் மைக்கைப் பொத்திக்கொள்வான். வண்டிக்குள் கம்ப்யூட்டர் வைத்து அதில் அவன் குரலைப் பதிந்தபோது அந்த மரியாதையை அதற்கும் பழக்கியவள் மினி. வண்டி எந்த இடத்தில் ஓடுகிறது என்பது செயற்கைக்கோள் வழியாக அதற்குத் தெரியும். துக்க வீட்டின் இடத்தைக் குறித்துக் கொடுத்துவிட்டால் பக்கத்தில் வரும்போது தானாகவே ஒலியை அணைத்துக்கொள்ளும்.

ஆனால் துக்க வீடு இருப்பது அம்பூரியில். இங்கே எதற்கு அணைந்தது?

கேட்டைப் பிடித்துக்கொண்டு மகள் லிஷா நின்றிருந்தாள். இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் உடை மாற்றுவதில்லை, சாப்பிடுவதில்லை. அந்த ஜீப் வரும்வரை கேட்டில்தான் நிற்பாள்.

"அப்பா நம்ம வீட்டக் கண்டுட்டு," என்றாள். "அதாக்கும் நிப்பாட்டினது."

"அது அப்பா இல்ல மக்கா. மெஷின்."

"அப்பாதான். நான் சொன்னதுக்குப் பதிலும் சொல்லிச்சு."

மினியின் கையிலிருந்த துணி மண்ணில் விழுந்தது. பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. உள்ளே போய் ஜீப்பின் சொந்தக்காரர் நிக்கோலஸுக்குப் போன் போட்டு வண்டி வாசலில் அணைந்ததைச் சொன்னாள்.

"அது நீ போட்ட கணக்கு பிழச்சதாக்கும் மினி. வேற ஒண்ணுமில்ல."

"நான் போட்டது பிழைக்காது. அண்ணே, அடக்கம் முடிஞ்ச அண்ணைக்கே சொன்னேன், அந்தச் சத்தத்த அழிச்சுப் போடணும்னு. எம் பிள்ள சோறு தின்னாம கேட்டுல நிக்குது."

"உயிரோட இருக்கும்ப அவன் சாயா கேப்பான், முட்ட போண்டா கேப்பான், இடயில ஒண்ணு தூங்கணும்பான்." நிக்கோலஸ் சிரித்தார். "இப்பத்தான் ஒழுங்கா வேல செய்யுதான். அதயும் கெடுக்காத."

மினி பல்லைக் கடித்துக்கொண்டாள். "வண்டி எங்க இருக்கு?"

"டிரைவர் ரெனில் ஷெட்டுல விட்டுட்டுப் போவான். நான் பொழியூரில நிக்கேன். கடல் கேறுது, வள்ளத்த எல்லாம் மேல ஏத்தணும். நாளைக்கு வாறேன், பேசலாம்."

நாளை வரை காத்திருந்து பேச அவளிடம் ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டு ஷீஜாவிடம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கட்டிங் பிளேயரையும் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஷெட் கால்வாய்க் கரையில் இருந்தது. அவள் போய்ச் சேரும்போது மழை தகரக்கூரையில் கொட்டத் தொடங்கியிருந்தது. பகல்தான் என்றாலும் உள்ளே ஈரமான இருட்டு. டீசல், நனைந்த ரெக்சின், எங்கோ செத்துக் கிடந்த எலி எல்லாம் கலந்து நாறியது. சாவி ஆணியில் தொங்கியது. ஜீப் அணைந்து கிடந்தது. ஆனால் டாஷ்போர்டுக்கு அடியில், கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருக்கும் சின்ன விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சீரான, மெல்லிய ஓசை. தூங்குகிறவன் மூச்சு மாதிரி.

சுற்றக் கூடாது. அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். நெய்யாற்றின்கரையில் கார் ஸ்டீரியோ கடையில் வேலை பார்த்தவள் அவள். இந்தப் பெட்டியை வண்டியில் பொருத்தியதும் அவள்தான். வண்டியில் கம்ப்யூட்டர் வைப்பது வீட்டு மேஜையில் வைப்பது போலல்ல. ஜீப்பைக் கிளப்பும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் பேட்டரியை உறிஞ்சிவிடும், மின்சாரம் சட்டென்று இறங்கும், கம்ப்யூட்டர் செத்துவிடும். அதனால் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்ய நடுவே ஒரு கன்வெர்ட்டர். அதற்குள் மூன்று வயர்கள் போகும். கறுப்பு, வண்டியின் உடம்புக்கு. சிவப்பு, சாவிக்கு. சாவி திரும்பியதும் 'எழுந்திரு' என்பதும், சாவியை எடுத்ததும் 'படுத்துக்கொள்' என்பதும் சிவப்பின் வேலை. மஞ்சள் நேராகப் பேட்டரிக்குப் போகும். அது எப்போதும் உயிரோடு இருக்கும். சிவப்பு செத்த பிறகும் மஞ்சள் கொஞ்ச நேரம் ஊட்டும், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் சேமித்துவிட்டுத் தானாக அணையும்.

மஞ்சளை அவ்வளவு கவனமாக இழுக்கச் சொன்னது சஜன். ஜீப் நடுவழியில் நின்றாலும் இறந்தவரின் பெயர் பாதியில் அறுந்துவிடக் கூடாது என்றான். தொண்டையில் புற்று வந்து, குரல் போவதற்கு முன் அவசரமாக உட்கார்ந்து ஊர்ப் பெயர்களையும் வீட்டுப் பெயர்களையும் ஆட்களின் பெயர்களையும் ஒவ்வொன்றாகப் பதிந்து வைத்த நாட்கள் அவை. மகளின் பெயரை மட்டும் அவன் பதியவில்லை. மரண அறிவிப்பு வண்டியில் எந்தத் தகப்பன் அதைச் சொல்வான்?

மினி காத்திருந்தாள். அணைய வேண்டிய நேரம் கடந்தும் விசிறி சுற்றியது.

"நில்லு," என்றாள் பெட்டியிடம். பியூஸைப் பிடுங்கினாள். மஞ்சளுக்கு இருந்த ஒரே வழி அது.

விசிறி சுற்றியது.

பானட்டைத் திறந்து ஸ்பேனரால் பேட்டரி முனையைத் திருகினாள். வழுக்கி, விரல் முட்டி தகரத்தில் மோதித் தோல் உரிந்தது. அந்த எரிச்சல் அவளுக்குப் பிடித்திருந்தது. இரண்டு முனைகளையும் கழற்றி வீசினாள். இனி இந்த வண்டியில் மின்சாரம் என்று ஒன்று கிடையாது. எங்குமே.

விசிறியின் வேகம் கூடியது.

கோளாம்பிகள் ஒருமுறை கனைத்தன. சஜன் பேசுவதற்கு முன் கனைப்பது போலவே. அந்தக் கனைப்பை யாரும் பதிந்ததில்லை.

"வருத்தத்துடன் அறிவிக்கிறோம்."

"நிறுத்துலே," என்று கத்தினாள். "செத்தவனுக்கு எதுக்குலே இவ்வளவு பேச்சு? இருக்கும்ப வீட்டுல வந்து நாலு வார்த்த பேசினியா?"

"பாறசாலை, கல்லுவிளை வீட்டில்."

அவளுடைய வீடு.

"காலஞ்சென்ற சஜன் அவர்களின் அன்பு மகள்..."

கட்டிங் பிளேயர் எப்போது கைக்கு வந்தது என்று தெரியவில்லை. மஞ்சளை வெட்டினாள். சிவப்பை வெட்டினாள். கறுப்பை, ஒலிபெருக்கிக்குப் போகும் வயரை, கண்ணில் பட்ட எல்லாவற்றையும் வெட்டினாள். குரல் அறுந்தது. பெயர் வரவில்லை. வருவதற்குள் வெட்டிவிட்டாள்.

மழைச் சத்தம் மட்டும்.

பெட்டியை இரு கையாலும் உலுக்கிப் பெயர்த்தாள். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம்போலச் சுட்டது. கரைக்குக் கொண்டுபோய்க் கலங்கல் தண்ணீரில் எறிந்தாள். மூழ்கியது. குமிழிகள் வந்தன. நின்றன. மேலும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அந்த இடத்தில் ஒருமுறை காறித் துப்பினாள். நாளைக்கு நிக்கோலஸ் வரட்டும். அவருக்கும் வார்த்தை வைத்திருந்தாள்.

நனைந்துகொண்டே வேகமாக நடந்தாள். நெஞ்சு இன்னும் கொதித்தது. கட்டிங் பிளேயரைப் பிடித்த கை இறுகியே இருந்தது. லிஷாவுக்குச் சோறு பிசைந்து ஊட்டிவிட வேண்டும். தலையைத் துவட்டிவிட வேண்டும். இன்றைக்கு அழுவாள், நாளைக்கும் அழுவாள், பிறகு சரியாகிவிடும்.

முக்கில் திரும்பினாள்.

ஷீஜா தன் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளாலும் காதைப் பொத்தியிருந்தாள். மினியைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

கேட்டில் லிஷா. மழையில். கம்பியைப் பிடித்தபடி.

வாய் திறந்திருந்தது. முழுக்க. பல் வைத்தியரிடம் காட்டுவது போல.

உதடு அசையவில்லை. நாக்கு அசையவில்லை. சஜனின் குரல் வந்தது. முதலில் மலையாளத்தில். நிதானமாக, தெளிவாக, முக்கு வரைக்கும் கேட்கும்படி. பிறகு தமிழில்.

"பாறசாலை, கல்லுவிளை வீட்டில், காலஞ்சென்ற சஜன் அவர்களின் அன்பு மகள் லிஷா."

மினி ஓடிப் போய் அந்த வாயைப் பொத்தினாள். குரல் குறையவில்லை. விரலிடுக்கில் வந்தது. மூக்கில் வந்தது. பிள்ளையின் விலா எலும்புகள் அவள் நெஞ்சோடு அதிர்ந்தன.

"அடக்க ஆராதனை நாளை மாலை."

எங்கிருந்தோ வருகிறது. பேசுகிற எதற்கும் எங்கிருந்தோ மின்சாரம் வந்தாக வேண்டும். வழி இல்லாமல் வராது. பிடரியில் தடவினாள். காதுக்குப் பின்னால். சட்டைக்குள், முதுகெலும்பு நெடுக. ஈரத் தோல். சூடு. எங்கே? எங்கே வெட்ட வேண்டும்?

குரல் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

அந்த முகத்தில் கண்கள் மட்டும் லிஷாவுடையவையாக இருந்தன. அவை நிற்காமல் அழுதன. அம்மாவின் முகத்தை அவை பார்க்கவில்லை. அம்மாவின் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்தக் கையில் கட்டிங் பிளேயர் திறந்திருந்தது.