பனியில் இரண்டு கோடுகள்

ஊர்க் குழாயில் தண்ணீர் ஏன் குறைந்தது? எவ்வளவு யோசித்தும் நெவேனாவுக்குப் பிடிபடவில்லை.

எங்கள் ஊருக்கு மேலே, ரோடோப்பி மலையில், ஒரு சுனை இருக்கிறது. அதன் தண்ணீர் மூடிய கல்தொட்டி ஒன்றில் விழும். தொட்டியிலிருந்து மண்ணுக்கடியில் ஒரு குழாய் இறங்கி ஊருக்கு வரும். அவ்வளவுதான் ஏற்பாடு. சுனை எப்போதும்போல ஊறியது. தொட்டிச் சுவர் எங்கும் கசியவில்லை. ஆனால் கீழே தண்ணீர் நூல்போலத்தான் ஒழுகியது.

"இலை அடைச்சிருக்கு. ஸ்தோயன்கா தொட்டியைச் சுத்தமே பண்றதில்ல," என்று ஊர்த் தலைவர் தான்சேவ் கடையில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். தொட்டிக் கதவின் சாவியையும் வாங்கிக்கொண்டார்.

ஸ்தோயன்கா நெவேனாவின் அம்மா. தொட்டியைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. இலையுதிர் காலம் முழுவதும் அவள் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று இலை அள்ளியதை நெவேனா பார்த்திருக்கிறாள். இப்போதோ, குழாயடிக்கு அம்மா வந்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

அப்போதுதான் மன்னிப்பு ஞாயிறு வந்தது. பெரிய நோன்பு தொடங்குவதற்கு முந்தைய நாள் அது. அன்று ஊரே குன்றின்மேல் தீ மூட்டும். ஒருவர் "மன்னிச்சுக்கோ" என்றால் மற்றவர் "மன்னிச்சாச்சு" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு வீட்டில் விளையாட்டு. கயிற்றில் தொங்கும் வெள்ளை அல்வாவைக் கை படாமல் வாயால் கவ்வ வேண்டும். தம்பி கிரில் காலையிலிருந்தே வாயைத் திறந்து மூடிப் பழகிக்கொண்டிருந்தான்.

"போதும்டா, தாடை கழண்டு விழப்போகுது," என்றாள் நெவேனா.

பொழுது சாய்வதற்குள் விறகைத் தூக்கிக்கொண்டு குன்றில் ஏறினார்கள். முந்தின இரவுதான் புதுப் பனி விழுந்திருந்தது. மூச்சு வாங்க நின்ற நெவேனா, தொட்டி இருந்த சரிவைப் பார்த்தாள்.

வெள்ளைப் பனியில் இரண்டு கறுப்புக் கோடுகள்!

சுனைத் தண்ணீர் பூமிக்குள்ளிருந்து வருகிறது. அதனால் குளிர்காலத்திலும் அது பனியைவிடச் சூடு. அதிக ஆழமில்லாமல் புதைத்த குழாயில் அது ஓடினால், மேலே கிடக்கும் பனி உருகிவிடும். ஒரு கோடு ஊர்க் குழாய்க்கு வந்தது. இன்னொன்று தலைவரின் மீன் குளத்தில் போய் முடிந்தது.

"அம்மா, அங்க பாரு."

அம்மா நெடுநேரம் பார்த்தாள். "நாம சொன்னா யாரு கேப்பா? ஊருக்கு நான்தான் சோம்பேறி."

வெளிச்சம் மங்குவதற்கு முன்பே தீ எரிந்தது. "தெரிஞ்சோ தெரியாமலோ யாருக்காவது நான்..." என்று தலைவர் தொடங்கினார். அவர் முடிப்பதற்குள், "மன்னிச்சாச்சு!" என்று கூட்டம் கத்தியது. எல்லோருக்கும் கால் விறைத்திருந்தது.

பிறகு அவர் ஒவ்வொருவராகக் கை குலுக்கிக்கொண்டே அம்மா முன்னால் வந்தார். "மன்னிச்சுக்கோ, ஸ்தோயன்கா."

அம்மா கையை நீட்டவில்லை.

"எதுக்கு மாமா?" என்று கேட்டாள் நெவேனா.

"என்னம்மா, எதுக்குன்னா?"

"எதுக்கு மன்னிக்கணும்னு சொன்னாத்தானே மன்னிக்க முடியும்?"

தலைவர் சிரித்தார். "எல்லாத்துக்கும்தான். போதுமா?"

"எல்லாம்னா நிறைய இருக்குமே. ஒண்ணொண்ணா சொல்லுங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கிரில் அவள் கோட்டை இழுத்தான். "சீக்கிரம் மன்னிச்சு விடேன் அக்கா. அல்வா காத்துக்கிட்டிருக்கு."

நெவேனா கீழே கை காட்டினாள். "பனி ரெண்டு கோடா உருகியிருக்கு மாமா. ஒண்ணு ஊர்க் குழாய்க்குப் போகுது. இன்னொண்ணு எங்க போகுது?"

எல்லாத் தலையும் திரும்பியது. தலைவர் தொப்பியைக் கழற்றினார். அவர் காதுகள் சிவந்திருந்தன.

"என் குளத்துக்கு," என்றார். "கோடையில மீன் செத்துக்கிட்டே இருந்துச்சு. இலை விழறதெல்லாம் முடிஞ்சு, ஸ்தோயன்கா தன் தங்கச்சி கல்யாணத்துக்குப் போனப்ப, தொட்டியோட அடியில ஒரு குழாய் வெச்சேன். கொஞ்சம்தானே போகும்னு நெனச்சேன்."

"அப்ப அந்த இலை?" என்று கேட்டாள் நெவேனா.

"இலையே இல்ல. தொட்டி கண்ணாடி மாதிரி இருந்துச்சு. அவ மேல பொய்யா பழி போட்டேன்." சாவியை அம்மாவிடம் நீட்டினார். "அதுக்குத்தான் மன்னிப்புக் கேக்கறேன்."

அம்மா சாவியை வாங்கிக்கொண்டாள். "சாவி வந்துடுச்சு. தண்ணி இன்னும் வரலையே, தலைவரே. அது வரட்டும், சொல்றேன்."

"குழாயைப் பிடுங்கி எறிங்க!" என்றது ஒரு குரல். "மீன் செத்தா சாகட்டும்!" என்றது இன்னொன்று.

"மீன் என்ன தப்பு பண்ணுச்சு?" என்றாள் நெவேனா. "அம்மா, தொட்டிக்குள்ள நம்ம குழாயோட வாய் எங்க இருக்கு?"

"அடியிலேருந்து ஒரு முழம் மேல."

"மீன் குழாய் வாய் அதுக்கும் கீழ. அதான் தண்ணி குறைஞ்சா முழுக்க அங்கயே போயிடுது. அதை மட்டும் மேல தூக்கிட்டா?"

அம்மா அவளைப் பார்த்தாள். பிறகு தலைவரைப் பார்த்தாள். "நாளைக்குக் காலையில வாங்க. ஆளை அனுப்பக் கூடாது. நீங்களே இறங்கணும்."

"வர்றேன். மீன்லயும் பாதியை வித்துடறேன்," என்றார் தலைவர்.

மறுநாள் அவரே தொட்டிக்குள் இறங்கினார். பல் கிடுகிடுக்க, அடியிலிருந்த குழாயின் வாயில் இன்னொரு குழாய்த் துண்டை நிமிர்த்திப் பொருத்தினார். அம்மா மேலே நின்று, "இன்னும் உசரம் வேணும்," என்று அளவு சொன்னாள். மதியத்துக்குள் ஊர்க் குழாய் சத்தமாகக் கொட்டியது. குழாயடிக்கு வந்தவர்கள் அம்மாவுக்கு வழிவிட்டு, முதல் குடத்தை அவளையே பிடிக்கச் சொன்னார்கள்.

குடம் நிறைந்த பிறகு அம்மா தலைவரிடம், "மன்னிச்சாச்சு," என்றாள்.

இப்போது தொட்டியில் ஊர்க் குழாயின் வாய் கீழே இருக்கிறது, மீன் குளத்துக் குழாயின் வாய் மேலே இருக்கிறது. ஊருக்குப் போக மிஞ்சிய தண்ணீர்தான் குளத்துக்குப் போகிறது.