சுமப்பவர் கையொப்பம்

இருபது வாரத்துக்கு மேல் கருவைக் கலைக்கக் கூடாது என்ற சட்டம் அமலுக்கு வந்த ஒன்பதாம் நாள், சுடர்க்கொடிக்கு இருபத்தோராவது வாரம் நடந்துகொண்டிருந்தது. டாக்டர் ரெஹானா ஸ்கேன் திரையை அணைத்துவிட்டுத்தான் பேசினார். குழந்தைக்கு இரண்டு சிறுநீரகமும் உருவாகவில்லை. நுரையீரல் விரியாது. பிறந்தால் ஒரு மணி நேரம் மூச்சுக்குத் தவிக்கும், அவ்வளவுதான்.

"இப்பவே முடிச்சுடுங்க டாக்டர். எம்புள்ள அப்படித் தவிக்க வேண்டாம்."

"போன மாசமா இருந்தா செஞ்சிருப்பேன்மா. இப்ப செஞ்சா நான் ஜெயிலுக்குப் போவேன். விதிவிலக்கே வைக்கலை. தாங்குபைக்கு மாத்தி உங்க வயித்துச் சுமையை வேணா எறக்கலாம், அது ஒண்ணுதான் வழி."

தாங்குபையைப் பற்றிச் சுடர்க்கொடிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. திருப்பூரில் அவள் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியே மூன்று வருடமாக அதைத்தான் தைக்கிறது. உள்ளே செயற்கைக் கருப்பை, வெளியே பருத்தி உறை. ஆணோ பெண்ணோ, யார் வேண்டுமானாலும் வயிற்றோடு கட்டிக்கொள்ளலாம். கட்டிக்கொண்டவரின் ரத்தமே குழாய் வழியாக உள்ளே போய்வரும். பேறுகாலம் வரை கழற்ற முடியாது. இந்தப் பை வந்த தைரியத்தில்தான் சட்டமே வந்தது. 'பெண்ணுக்கும் சுமையில்லை, பிள்ளைக்கும் சாவில்லை' என்று தெருத்தெருவாக மைக் கட்டிச் சொன்னார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. மாநிலமே வரிசையில் நின்று வாக்களித்ததில் நூற்றுக்கு அறுபத்திரண்டு பேர் 'ஆம்' என்றார்கள். அட, அதை யார் கட்டிக்கொள்வது என்று ஒருத்தராவது கேட்க வேண்டுமே! கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிப் பதிவு மேசைக்காரர், பை கட்டிக்கொள்ள ஆள் தேடிப் பழக்கதோஷத்தில் ஆரம்பித்தார்: "மாமியார் இருக்காங்களா? நாத்தனார்? கூடப் பொறந்த அக்கா, தங்கச்சி?"

சுடர்க்கொடிக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏனுங்க, மறுபடியும் பொம்பளைங்களயே தேடறீங்க? ஆம் போட்டவங்க சம்மதப் பட்டியல் இருக்குதல்ல? அதை எடுங்க."

சட்டத்தை முழுசாகப் படித்த வெகு சிலரில் அவள் ஒருத்தி. கம்பெனிக்கு எத்தனை பை ஆர்டர் வரும் என்று பார்ப்பதற்காகப் படித்தது. வாக்கு எந்திரத்தில் 'ஆம்' அழுத்தியவர்களுக்கு மட்டும் இன்னொரு திரை வந்திருந்தது: 'என் வார்டில் தேவை ஏற்பட்டால் நானே தாங்குபை அணியச் சம்மதிக்கிறேன்.' பங்குனி வெயில், பின்னால் நீண்ட வரிசை. கைபேசி எதைக் கேட்டாலும் படிக்காமல் 'சம்மதம்' தட்டிப் பழகிய ஜனம், இதையும் தட்டிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டது.

மேசைக்காரர் ரத்த வகையைப் போட்டுத் தேடினார். எந்திரம் ஒரே ஒரு பெயரைக் காட்டியது: நாச்சிமுத்து, ஐம்பத்திரண்டு வயது. சுடர்க்கொடியின் கணவன் சென்னியப்பனுக்குக் கூடப் பிறந்த அண்ணன். அந்த வார்டில் மைக் கட்டியவரும் அவர்தான்.

ஆஸ்பத்திரிக்கு வந்த நாச்சிமுத்துவுக்கு முகம் வெளிறிப்போயிருந்தது. "அம்மிணி, இதை நம்ம குடும்பத்துக்குள்ள பேசித் தீத்துக்கலாம். எனக்கு இடுப்பு வலி வேற."

"என் வயித்தப் பத்தி ஊரையே ஓட்டுப் போட வெச்சீங்களே மாமா, அப்பக் குடும்பம் ஞாபகம் வரலீங்களா?"

சென்னியப்பன் அண்ணனைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். கல்யாணமாகி ஆறு வருடத்தில் முதல்முறையாக மனைவி பக்கம் வந்து நின்றான். "கையெழுத்துப் போடுங்கண்ணா. நீங்க சம்மதிச்சதுதான."

மாற்றி முடித்தபின் சுடர்க்கொடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள். ஆசைப்பட்டுச் சுமந்த பிள்ளை. நீ ஜெயித்துவிட்டாய் என்று யாராவது சொல்லியிருந்தால் அறைந்திருப்பாள்.

நாச்சிமுத்துவின் பாடு வேறு. பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள் அவர் வயிற்றைத் தடவிப் பார்த்தார்கள். பப்பாளி தின்னாதே, பக்கவாட்டில் படு என்று ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். கட்சிக்காரர்கள், மேடைக்கு வரவேண்டாம், வீட்டிலேயே இருங்கள் என்றார்கள். ஏழாம் மாதம் பிறந்ததும் வார்டுப் பெண்கள் வளையலும் கட்டுச்சோறுமாக வாசலுக்கே வந்துவிட்டார்கள், வளைகாப்பு போட! கத்தி விரட்டினார். கர்ப்பகாலத்தில் கோபம் ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி வாசலில் வந்து நின்றார்.

"உதைக்குது அம்மிணி. நல்லாத்தான் உதைக்குது. பொறந்த ஒரு மணி நேரத்துல போயிரும்னு தெரிஞ்சும் இதை எப்படிச் சுமக்கறது? சோறு எறங்க மாட்டேங்குது."

சுடர்க்கொடி சிரிக்கவில்லை. அந்த உதை அவளுக்குத் தெரியும். "உங்களை மாதிரி இன்னும் எத்தனை பேருங்க?"

"மாநிலம் பூரா நானூறு ஆம்பளைங்க."

"அப்பப் போயிக் கேளுங்க. பொம்பளைங்க நாங்க ஆயிரக்கணக்குல மனு எழுதிக் குடுத்தது குப்பைக்குத்தான் போச்சு. நீங்க கேட்டா நடக்கும்."

நடந்தது. நானூறு ஆண்கள் தாங்குபையோடு சட்டசபைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். பத்தே நாளில் அவசரக் கூட்டம், திருத்தம். கரு பிழைக்க வழியில்லை என்று டாக்டர் சான்று தந்தால், சுமப்பவர் கையொப்பமிட்டு நிறுத்திக்கொள்ளலாம்.

மீண்டும் அதே பதிவு மேசை. படிவத்தில் கையெழுத்துக்கு ஒரே ஒரு கோடுதான் இருந்தது: 'சுமப்பவர்.' சுடர்க்கொடி தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமை.

"பெத்தவ எங்கீங்க போடறது?"

"சுமக்கறவங்க மட்டும்தாங்க. திருத்தத்துல தாய்ங்கற பேச்சே இல்லைங்க," என்றார் மேசைக்காரர்.

நாச்சிமுத்து பேனாவைப் பிடித்தபடியே நின்றார். "ஒரு வாரம் போகட்டுமே அம்மிணி. பழகிப்போச்சு. கை வர மாட்டேங்குது."

தன் பிள்ளை எப்படிச் சாக வேண்டும் என்பது இப்போது இந்த மனிதரின் கையில்! சுடர்க்கொடி அந்தப் பேனாவை வெடுக்கென்று பிடுங்கினாள். 'சுமப்பவர்' கோட்டுக்கு மேலே, அதைவிட நீளமாக ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் 'தாய்' என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை நாச்சிமுத்துவிடம் நீட்டினாள்.

மேசைக்காரர் பதறினார். "அய்யோ, நீங்களாக் கோடு போட்டாப் படிவம் செல்லாதுங்க!"

"செல்லாதுன்னா இன்னொண்ணு குடுங்க. அதுலயும் போடுவேன்."