கையில் சீட்டு இருக்கும்வரை

பெண் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்ததும் பெண்ணின் அம்மா ஹர்ஷினி தாம்பூலத் தட்டை நீட்டினாள். வெற்றிலையை யாரும் தொடவில்லை. அதன் பக்கத்தில் விசிறிபோல் விரித்து வைத்திருந்த விளையாட்டுச் சீட்டுகளைத்தான் ஆளுக்கு நாலைந்து அள்ளிக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஸ்வேதா, வந்தது என்ன சீட்டு என்று ஒரு பார்வைகூடப் பார்க்காமல் அதைக் கையில் செருகிக்கொண்டு பேச்சைத் தொடங்கினாள்.

"எங்களுக்கு ஒண்ணும் வேண்டாங்க. பொண்ணு கட்டின சேலையோட வந்தாப் போதும்."

அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பெண்ணைப் பெற்ற கவின்ராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சீட்டு மட்டும் கையில் இல்லாதிருந்தால் அந்த அம்மாள் 'வேண்டாங்க' என்ற சொல்லைத் தாண்டியிருக்க மாட்டாள். மெய்மணி அடித்துக் காட்டிக்கொடுத்திருக்கும். தொண்டைக்குழியில் அரிசி அளவுக்குப் பதித்திருக்கும் சாமான் அது. தெரிந்தே ஒருவன் பொய் சொல்லும்போது நரம்பில் ஒரு சின்னத் தடுமாற்றம் ஓடுமாம். அதை மோப்பம் பிடித்து, பக்கத்து அறைக்கும் கேட்கிற மாதிரி 'ணங்' என்று அடிக்கும். ஊரான் குரலைத் திருடிப் பேசி ஏமாற்றும் கூட்டம் பெருகிப்போன காலத்தில் அரசாங்கம் எல்லாருக்கும் அதைப் பதித்துவிட்டது. ஏமாற்று ஒழிந்தது, மறுப்பதற்கில்லை. கூடவே விருதுநகர் வற்றல் மண்டிகளில் வியாபாரமும் ஒழிந்தது. "அசலுக்கே தர்றேன் அண்ணாச்சி" என்று வாயெடுத்தால் ணங். "இதுக்கு மேல கட்டுபடியாகாது" என்றால் ணங். பேரம் பேசியே வளர்ந்த வாய்கள் கொட்டாவி விடுவதற்குத் திறந்ததோடு சரி.

கவின்ராஜும் மண்டிக்காரர்தான். ஆனால் அவர் அழுதது வியாபாரத்துக்காக அல்ல, புளுகாட்டத்துக்காக. வட்டமாக உட்கார்ந்து, சீட்டுகளைக் குப்புற இறக்கி, "மூணு ராணி" என்று முகம் மாறாமல் சொல்ல வேண்டும். நம்பாதவன் "திருப்பு" என்பான். சொன்னது புளுகென்றால் சொன்னவனும், மெய்யென்றால் கேட்டவனும் கீழே கிடக்கும் குவியலை அள்ள வேண்டும். முதலில் கை காலியானவன் ஜெயித்தான். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டாளிகளோடும் மைத்துனர்களோடும் இதை ஆடுவதற்காகவே மற்ற ஆறு நாளும் மனிதர் கடை திறந்தார். மெய்மணி வந்தபின் ஆட்டமாவது ஒன்றாவது? மூணு ராணி, ணங்.

சீட்டாட்டச் சங்கத்தின் செயலாளராக அவர் மெய்மணி ஆணையத்தின் படியேறி வாதாடினார். ஆடுகிற எல்லாரும் முன்கூட்டியே ஒத்துக்கொண்டு சொல்லும் பொய் பொய்யே ஆகாது என்றார். ஆணையமும் கடைசியில் தலையாட்டியது. மின்படலம் ஒட்டிய சீட்டு வந்தது. அது விரலில் பட்டுக்கொண்டிருக்கும்வரை மணி தூங்கும். சங்கத்தில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

கையில் சீட்டு இருந்தால் போதும், ஆட வேண்டியதில்லை என்று ஊர் கண்டுபிடிக்க ஒரு வாரம்கூட ஆகவில்லை. மண்டிகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கட்டு வந்து உட்கார்ந்தது. இழவு வீடுகளில் செருப்பு விடும் இடத்தில் சீட்டுப் பெட்டி வைத்தார்கள். எடுத்துக்கொண்டு உள்ளே போய், "தங்கமான மனுஷன்" என்று பிணத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, திரும்பும்போது பெட்டியில் போட்டுவிட்டுப் போனார்கள். நூறு பேர் எச்சில் தொட்டுப் புரட்டிய சீட்டு. கையில் உள்ளதைக் கீழே வைத்துவிட்டுப் பேசு என்று ஒருவரிடம் சொல்வது, செருப்பால் அடிப்பதற்குச் சமமாயிற்று.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் திரும்ப வந்தது என்னவோ உண்மை. எப்படி வந்தது என்பதுதான் அவர் வயிற்றெரிச்சல். மைத்துனர் மூணு ஜாக்கி என்பார், கவின்ராஜ் ஆசையாகத் திருப்பச் சொல்வார், பார்த்தால் மூன்றும் ஜாக்கியாகவே இருந்து தொலைக்கும். ஏனென்றால் மைத்துனரின் புத்தி சீட்டிலேயே இல்லை. பக்கத்து ஆளிடம் தன் பட்டா இல்லாத நிலத்தைத் தள்ளிவிடுவதில் இருந்தது. புளுக வேண்டிய சீட்டில் புளுகுவதற்கு நாதியில்லை. ஊர்ப் புளுகெல்லாம் பேச்சில் போய்க்கொண்டிருந்தது.

இன்றைக்கும் அதே நாற்றம்தான். மகன் ஆறு மணிக்கே எழுந்துவிடுவான் என்றாள் ஸ்வேதா. தங்கள் குடும்பத்தில் கோபம் என்பதே கிடையாது என்றார் அவள் கணவர் ரித்தீஷ். ஹர்ஷினியும் சளைக்கவில்லை, கேசரி மகள் கைப்பக்குவம் என்றாள். கேசரி வந்த கடையின் பெயர் டப்பாவோடு அடுப்படியில் கிடந்தது. நெய் வழியும் விரல்களால் எல்லாரும் சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

மகள் செல்லத்தாய் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். பழைய பெயர்கள் மறுபடி நாகரிகமாகிவிட்ட காலத்தில் பிறந்தவள். காற்றாலைக் கோபுரம் ஏறிப் பழுது பார்ப்பவள். காலையில் வெறுங்கையோடு அப்பாவிடம் வந்து ஒன்று சொல்லியிருந்தாள். ஒரு மணிநேரத்தில் ஆளை எடைபோட அவளுக்குத் தெரியாது. மண்டியில் ஆயிரம் முகம் பார்த்தவர் அப்பா. அவர் சரி என்றால் அவளுக்கும் சரி. மணி அடிக்கவில்லை. அந்தப் பாரம் அவர் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

மாப்பிள்ளைப் பையன் சுடலைமுத்துவின் சம்பளத்தை ரித்தீஷ் இரண்டாம் முறை உயர்த்தியபோது கவின்ராஜால் பொறுக்க முடியவில்லை.

"சீட்டுத்தான் கையில இருக்கே. ஒரு ஆட்டம் போடுவோமா?"

தட்டில் இருந்த வாழைப்பழத்தைத் தோலோடு தின்னச் சொன்னதுபோல் எல்லாரும் விழித்தார்கள். சுடலைமுத்து மட்டும் குனிந்து தன் சீட்டுகளைப் பார்த்தான். வந்ததிலிருந்து சீட்டைப் பார்த்த முதல் ஆள் அவன்தான்.

கட்டைக் கலைத்துப் பகிர்ந்தார்கள். இரண்டாம் சுற்றிலேயே அவன் நாலு சீட்டைக் குப்புற வைத்து, "நாலு ராஜா" என்றான். கவின்ராஜின் கையிலேயே ஒரு ராஜா சிரித்துக்கொண்டிருந்தார். திருப்பினால் மூன்றும் ஐந்துமாய்ச் சில்லறைக் குப்பை. பையன் கூச்சமே இல்லாமல் குவியலை அள்ளினான். அடுத்த சுற்றில் மறுபடி புளுகினான். எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு, கொட்டாவியை அடக்கியபடி, எத்தனை அலட்சியமாகப் புளுகினான். கவின்ராஜுக்கு உடம்பெல்லாம் தித்தித்தது. மற்றவர்கள் கடமைக்கு மெய்யாகச் சீட்டுப் போட்டுக்கொண்டு பேச்சில் புளுகிக்கொண்டிருக்க, அவர்கள் இருவர் மட்டும் ஆடினார்கள்.

கடைசியில் பையன் கையில் ஒரே ஒரு சீட்டு. அதை இறக்கிவிட்டால் கை காலி, மணி விழித்துக்கொள்ளும். ஆகையால் கடைசிச் சீட்டில் யாரும் புளுக மாட்டார்கள். அவனோ சீட்டைத் தரையில் வைத்தான், ஓரத்திலிருந்து சுண்டுவிரலை மட்டும் எடுக்கவில்லை.

"ஒரு ராணி," என்றான்.

கவின்ராஜ் அந்த விரலைக் கண்டுகொண்டார். "திருப்பு."

ராணியேதான். அவர் பார்க்க வேண்டும் என்றே வைத்த விரல் அது. மல்லாந்த ராணியை மட்டும் விட்டுவிட்டு, மற்றக் குவியலை இரு கையாலும் அள்ளிக்கொண்டு, இத்தனை வருஷத்தில் இப்படி யாரிடமும் தோற்கவில்லையே என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இவனை எங்கே உட்காரவைப்பது என்று அப்போதே மனசு பாய் விரித்தது.

"உங்களுக்கு என்னைப் பிடிச்சிருக்கா?"

செல்லத்தாய் கேட்டது சுடலைமுத்துவிடம். வெறுங்கையோடு இருக்கிறவனை இப்படிக் கேட்பது எந்த வீட்டிலும் நடக்காத காரியம். ஸ்வேதாவின் சிரிப்பு அப்படியே நின்றது. பையன் அசரவில்லை. அவன் கை மெல்லத் தரைக்குப் போய், மல்லாந்து கிடந்த ராணியின் மேல் சுண்டுவிரலை வைத்தது.

"ரொம்பப் பிடிச்சிருக்கு."

சபைக்கு மூச்சு வந்தது. விரலைக் கவின்ராஜ் பார்த்தார். முன்பும் இப்படித்தானே வைத்தான், மெய்யாகத்தானே இருந்தது, இதுவும் மெய்யாக இருக்கலாமே என்று தனக்குள் பேரம் பேசினார். பேரம் படியவில்லை. சீட்டில் விளையாட்டுக்கு வைத்த விரல் வேறு, ஒரு பெண் கேட்ட கேள்விக்கு வைத்த விரல் வேறு என்று ஆயிரம் முகம் பார்த்த அவருக்குத் தெரிந்தது.

விரலை மகளும் பார்த்திருந்தாள். அவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்கப்பா. இவரு எனக்குச் சரியா வருவாரா? கையில இருக்கறதைக் கீழ வச்சிட்டுச் சொல்லுங்க."

ஹர்ஷினி மகளின் தொடையைக் கிள்ளினாள். பெற்ற அப்பனிடம், அதுவும் வந்தவர்கள் முன்னால். கவின்ராஜ் மட்டும் கோபப்படவில்லை. மெய்யைச் சொல்லத்தான் நினைத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை குறுக்கே வந்து உட்கார்ந்தது. குவியலைக் கட்டாகத் தட்டிச் சேர்த்து, சபை பார்க்கத் தரையில் வைத்தார். வைத்த கையை மடக்கி வேட்டிமேல் இருத்திக்கொண்டார்.

"உனக்குன்னே பிறந்த பையன்மா," என்றார்.

மணி அடிக்கவில்லை. ஸ்வேதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரித்தீஷ் எழுந்து வந்து சம்பந்தி என்று கட்டிக்கொண்டார். செல்லத்தாய் அப்பாவின் முகத்தைப் பார்த்துத் தலையசைத்தாள். அவரோ அவளைப் பார்க்காமல், மடக்கிய உள்ளங்கையில் வியர்வையோடு ஒட்டிக்கொண்டிருந்த ஒற்றைச் சீட்டைக் கட்டைவிரலால் இன்னும் உள்ளே தள்ளினார்.

மணி தூங்குவதற்குக் கையில் மூன்று சீட்டாவது இருக்க வேண்டும் என்றுதான் ஆணையம் முதலில் சொன்னது. பேரம் பேசி அதை ஒன்றாக்கி வாங்கி வந்தவர் கவின்ராஜ்தான்.