பாரம் தாங்கும் டயர்

திகாம் பத்து ஊரின் டயர் கடைக்குள் கேரவனை இழுத்து நிறுத்தியபோது பகல் இன்னும் முடியவில்லை. வானம் மட்டும் கறுத்துக் கிடந்தது.

யோகேஸ்வரியும் அவள் கணவன் திவாகரும் வாங்கிய பழைய கேரவன் அது, காருக்குப் பின்னால் கொக்கியில் பூட்டி இழுப்பது. முதல் பயணத்துக்கு முன் டயர் மாற்ற வேண்டும்.

"கார் டயரே போதும்லா," என்றான் திவாகர்.

"போதாது. அதோட பக்கச் சுவர் மெல்லிசு. பாரம் ஏறுனா ஆடும், வெடிக்கும். அண்ணே, வேன் டயர் இருக்கா?"

கடைக்காரர் பக்கிரிசாமி திவாகரைப் பார்த்துச் சிரித்தார். "வீட்டம்மா இஞ்சினியரா தம்பி?"

"ஆமா. கேட்டது நான். என்னைப் பாத்துச் சொல்லுங்க."

அவள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் அவள்தான். கேள்வி அவளுடையது, பதில் மட்டும் பக்கத்து ஆம்பளைக்கு. இந்தக் கூத்தைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அலுத்துவிட்டது.

அந்த அளவில் புதுசு இல்லை. மூலையிலிருந்து பழைய ஜோடி ஒன்றை உருட்டி வந்தார். "ஃபேக்டரிக்குப் பொண்ணுங்கள ஏத்திட்டுப் போற வேன்ல இருந்தது. பூ இன்னும் தேயல பாரும்மா," என்று டயரின் பள்ளங்களில் விரலை ஓட்டினார்.

"அந்த வேன் என்னாச்சு?"

"இப்ப ஓடல." அவர் ஜாக்கியை எடுக்கப் போனார்.

அவளும் விட்டுவிட்டாள். டயரில் பொறித்திருந்த பார எண்ணைப் பார்த்தாள். தயாரித்த வருஷத்தைப் பார்த்தாள். இரண்டும் சரி. வேறென்ன வேண்டும்?

"போடுங்க."

செம்பனைத் தோட்டத்துக் குறுக்குப் பாதையில் மழை பிடித்துக்கொண்டது. கொஞ்ச தூரத்தில் கார் திணற ஆரம்பித்தது. திவாகர் நிறுத்தினான். இறங்கிப் பார்த்தால், கேரவனின் இரண்டு டயரும் நசுங்கிப் பிதுங்கி நின்றன.

அவள் காற்றை அளந்து பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.

"உள்ள என்னத்த ஏத்தி வச்சிருக்க?" என்றான்.

"ஒரு தலகாணி கூட ஏத்தல."

"போய்ப் பாருலா. நான் கொக்கியப் பாக்கறேன்."

அவள் உள்ளே ஏறினாள். ஒன்றுமில்லை. மரப் பலகை, வெறும் இருக்கை, இருட்டு.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

காற்றடித்திருக்கும் என்று கைப்பிடியைத் திருகினாள். அசையவில்லை. அப்போதுதான் நாற்றம் வந்தது. ஈரச் சீருடையும் வாய்க்கால் சேறும் கலந்த நாற்றம். பின்வாங்கி இருக்கையில் உட்கார்ந்தாள்.

அவள் முழங்காலில் இன்னொரு முழங்கால் இடித்தது.

இடது பக்கம் ஒரு தோள். வலது பக்கம் ஒரு தோள். குளிர்ந்து, சொட்டச் சொட்ட நனைந்த தோள்கள். மூச்சு விட இடமில்லாமல் அவளை நெருக்கின.

"அக்கா," காதோரம் ஒரு சின்னப் பெண்ணின் குரல். "கொஞ்சம் தள்ளி ஒக்காருங்கக்கா. எடமில்ல."

அவள் கத்தினாள். மழை தகரக் கூரையில் கொட்டி அந்தக் கத்தலை விழுங்கியது. கையை எப்படியோ உருவிப் பக்கச் சுவரை அறைந்தாள்.

தட். தட்.

அறைந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. திவாகர் முன்பு கூலிம் ஊரில் ஃபேக்டரி வேன் ஓட்டியவன். கடைசியாக ஏறுகிற பெண் பக்கவாட்டில் ரெண்டு தட்டு தட்டினால் எல்லாரும் ஏறியாச்சு என்று அர்த்தம். டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான்.

வலது பக்க நெருக்கம் சட்டென்று விலகியது. ஒருத்தி எழுந்துவிட்டாள்.

வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

பிறகு இன்னொரு கதவு.

கேரவன் நகர்ந்தது.

மற்ற உடம்புகளைத் தள்ளிக்கொண்டு முன் கண்ணாடிக்கு ஊர்ந்தாள். மழையினூடே காரின் பின்கண்ணாடி தெரிந்தது. திவாகர் ஓட்டிக்கொண்டிருந்தான். பக்கத்து இருக்கையில் ஈரக் கூந்தலோடு ஒரு தலை. அதனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான்.

அவனுக்குப் போன் அடித்தாள். அவன் போனை எடுத்து, ஓட்டிக்கொண்டே பக்கத்து இருக்கைக்கு நீட்டுவது தெரிந்தது.

"திவா! நிறுத்து! நான் பின்னாடி இருக்கேன்!"

மறுமுனையில் ஒரு பெண் நிதானமாகப் பேசினாள். யோகேஸ்வரி பிறந்ததிலிருந்து தன் தொண்டைக்குள் கேட்டுவரும் அதே குரல்.

"அவரு வண்டி ஓட்டறாரு. நான் அவரு வைஃப் யோகேஸ்வரிதான் பேசறேன். நீங்க யாரு?"